நைனாவின் ரிவால்வர், என் கை

எங்கள் வீட்டு ரிவால்வருக்கு என்னைவிட வயது அதிகம். ரூகர் சிங்கிள்-சிக்ஸ், .22 தோட்டா, ஐந்தரை இன்ச் குழல். ராயபுரத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியர் புறப்படும் அவசரத்தில் மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையில் விட்டுப்போக, அதை நைனா வாங்கினார். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பட்டறை வைத்திருந்தவர். வாரக் கூலிப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்பது லைசென்ஸ் மனுவில் அவர் எழுதிய காரணம். எங்களுக்குத் தெரிந்த காரணம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கி கிளப்புக்குப் போய்க் குறி அட்டையில் ஓட்டை போடுவது. கூலிப் பணத்தை அவர் மீன்கூடை கட்டின சைக்கிளில், லுங்கி மடிப்பில் சொருகித்தான் கொண்டுவருவார். ரிவால்வர் பாட்டுக்கு பீரோவில் கிடக்கும். "ஊர்ல பாதிப் பேருக்கு பயம் காட்டுற சாமான், இந்த மனுசன் கையில அட்டையத் தவிர எதையும் பார்க்கல" என்பாள் அம்மா.

நைனா போன பிறகு அது என் பெயருக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்பவர்கள் நிறைய, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். வாரிசு யாராவது தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். 2016 விதிகளில் இதற்கென்று வழி இருக்கிறது. மகள், மருமகள், சகோதரி எல்லாரும் வாரிசுப் பட்டியலில் வருவார்கள். தெரியாதவர்களுக்காக இன்னொன்று: லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகிவிட்டாலோ 25 வருடம் அந்த ஆயுதத்தை வைத்திருந்துவிட்டாலோ, வாரிசு ஒருவரைக் காட்டி மாற்றிக் கொடுத்துவிடலாம். நைனாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. "நான் இன்னும் சுடுறேன் இல்ல?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அப்படியே போய்விட்டார். தம்பியும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். வேப்பேரி கமிஷனர் ஆபீஸ், ஸ்டேஷன் விசாரணை, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். விசாரணைக்கு வந்த ஏட்டு தம்பியைப் பார்த்தே எல்லாக் கேள்வியும் கேட்டார். பதில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையில் வந்த பிறகும் தேர்தல் அறிவித்தால் திரும்பவும் ஸ்டேஷனுக்கு. 2024 மக்களவைத் தேர்தலை மார்ச் 16-இல் அறிவித்தார்கள், வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. தமிழ்நாட்டில் ஒரே நாளில், ஏப்ரல் 19-இல், ஓட்டுப்போட்டு முடித்துவிட்டோம். ஆனாலும் நடத்தை விதி கடைசிவரை உண்டு, துப்பாக்கி அதுவரை வராது. அந்தக் கோடை முழுக்க வெறுங்கையை நீட்டி நின்று பயிற்சி செய்தேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ட்ரிகருக்கு ஒரே வேலை. பின்னால் இழுத்து நிறுத்திய ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, விடுவிப்பது. அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தவேண்டும், அப்போது ஆறு தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் ஓர் அறை சுற்றும். நம் ஊரில் லைசென்ஸ்காரர்களிடம் அதிகம் இருக்கும் கான்பூர் .32 ரிவால்வரில் ட்ரிகரை நீளமாக இழுத்தாலே ஹேமர் எழும்பி விழும். அது டபுள் ஆக்‌ஷன். நிதானமாகச் சுட்டுக் குறி பார்க்க சிங்கிள் ஆக்‌ஷனே மேல் என்பது என் கட்சி. ட்ரிகர் சிறிது நகர்ந்தால் போதும், அழுத்தமும் குறைவு. வேகம் வேண்டுமென்பவர்கள் வேறு கடை பார்க்கட்டும்.

எங்களுடையது பழைய மாடல். 1953-இல் இந்த வகையைக் கொண்டுவந்த ரூகர் கம்பெனி, 1973-இல் உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து மாற்றியது. அந்தத் தகடு இருந்தால் ட்ரிகரை இழுக்காமல் ஹேமரில் அடி பட்டாலும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கு அடி போகாது. பழைய மாடலில் அது கிடையாது. ஹேமர் தோட்டா உள்ள அறைமேல் படுத்திருக்கும்போது கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். பழையவற்றிலும் இலவசமாகப் பாகம் மாற்றித் தருவதாக 1982-இல் கம்பெனி அறிவித்தது. அமெரிக்காவில் இருக்கிறவர்கள் தபாலில் அனுப்பிவிடுவார்கள். ராயபுரத்தில் இருக்கிறவள் என்ன செய்ய? ஆறு அறையில் ஐந்துதான் நிரப்பவேண்டும், காலி அறைமேல் ஹேமரைப் படுக்கவைக்கவேண்டும்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் தளர்ந்து கையால் சுற்ற வரும். வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திற. ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. கதவை மூடி ஹேமரை முழுக்க இழுத்து, விரலால் தாங்கியபடி மெல்ல இறக்கு. விட்ட அறை சரியாக ஹேமருக்கு அடியில் வந்து நிற்கும். கேட்டால் சாமர்த்தியம் மாதிரி இருக்கும், உண்மையில் சிலிண்டர் சுற்றும் திசையும் கதவு இருக்கும் இடமும் சேர்ந்து தரும் கணக்கு. விளையாட்டு விதிகளோடும் இது பொருந்திப் போகிறது: 25 மீட்டர் பிரசிஷன் (நிதானமாகச் சுடும்) சுற்றில் ஒரு சீரிஸ் என்பது ஐந்து குண்டு, ஐந்து நிமிடம். ஐந்தே போட முடிகிற ரிவால்வருக்கு வேறென்ன வேண்டும்?

எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஓய்வு பெற்ற போலீஸ் ஆர்மரர், துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர். வியாசர்பாடிக்காரர். முதலில் தோட்டாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. "காலியா கிளிக் பண்ணு மா. ஒரு மாசம் கிளிக் பண்ணு. அப்பால பேசலாம்." அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. .22 தோட்டாவின் மருந்து விளிம்பில் இருக்கும். அதனால் ஊசி அறையின் விளிம்பருகே அடிக்கும். உள்ளே எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப அடித்தால், பழைய துப்பாக்கியில் ஊசி இரும்பைத் தொட்டு விளிம்பில் தழும்பு விழலாம், ஊசியும் மழுங்கலாம். இதற்கென்று விற்கும் போலித் தோட்டா இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. சார் சொன்ன மாற்று, சுவரில் ஸ்க்ரூ போட அடிக்கும் பிளாஸ்டிக் ரால் பிளக். பாரிமுனையில் ஹார்டுவேர்க் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில் போய், காலித் தோட்டாக் கூடு ஒன்றை நீட்டி "இந்த சைஸ்ல பிளக் வேணும்ணே" என்றேன். கடைக்காரர் கூட்டை விரலில் உருட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் மூன்று பாக்கெட்டை எடுத்துப் போட்டார். மஞ்சள் நிறத்தது கச்சிதமாக அறைக்குள் உட்கார்ந்தது. அதன் தலைப்பட்டை விளிம்பில் நின்று ஊசியின் அடியை வாங்கிக்கொள்ளும். அடிவாங்கி நசுங்கினதும் சற்றுத் திருப்பிவைக்கலாம், பிறகு தூக்கிப்போட்டுவிட்டு அடுத்தது.

வீட்டில் பயிற்சி என்றால் தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். மூன்று தரம் சிலிண்டரைப் பார்த்த பிறகே ஆரம்பிப்பேன். டார்கெட் வரைந்து ஒட்டாதே, வெறும் சுவரைப் பார்த்துச் செய் என்றார் சார். முதலில் புரியவில்லை. எதிரே புள்ளி இருந்தால் கண் அதற்கு ஓடிவிடும். வெறும் சுண்ணாம்புச் சுவர் என்றால் பார்க்க வேறொன்றும் இல்லாமல் முன் சைட்டில்தான், குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முள்ளில்தான், நிற்கும். ஹேமர் விழும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்பது மட்டும் தெரியும். தெரிந்தது: அசைந்தது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கம், சற்றுக் கீழே. விரலால் ட்ரிகரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தேன். நுனிச் சதையை வைத்து நேராகப் பின்னால் அழுத்தப் பழக அந்தச் சுவர்தான் வாத்தியார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எனக்கு இந்த விளையாட்டு விளங்கினதே இந்தக் கணக்கில்தான். துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் பின் சைட் தகட்டின் பள்ளத்திலிருந்து முன் சைட்வரை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 18 செ.மீ. அட்டை நிற்பது 25 மீட்டரில். வகுத்தால் 139. அதாவது பள்ளத்தின் நடுவில் நிற்கவேண்டிய முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால் குண்டு 139 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 14 செ.மீ., தள்ளி விழும். 25 மீட்டர் பிரசிஷன் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 5 செ.மீ. வெளியே வர வர ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 செ.மீ. கூடும். நடுவிலிருந்து 14 செ.மீ. என்றால் பத்துக்கு ஐந்து மார்க். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று சரியாக நின்று, கை மட்டும் இணையாக 1 செ.மீ. ஒதுங்கினால் குண்டும் அந்த 1 செ.மீ.தான் ஒதுங்கும். பத்தைத் தாண்டாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கை நடுக்கத்தோடுதான் சண்டை போடுகிறார்கள். யோகா செய்யலாமா, டம்பெல் தூக்கலாமா, காபியை விடலாமா. கை ஆடத்தான் செய்யும், உயிருள்ள கை. அட்டையின் நடுவில் உள்ள கருப்பு வட்டத்துக்குள் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும் கையைச் சகித்துக்கொண்டு, பள்ளத்துக்கும் முன் சைட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்றை மட்டும் சமமாக வைத்துக்கொள்வது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த மிதப்பை நிறுத்திவிட்டு அழுத்தலாம் என்று காத்திருக்காமல், மிதக்கும்போதே அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. "இப்போ!" என்று பிடுங்கினால் போச்சு.

நாற்பதைத் தாண்டினவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி. முன் சைட் கை நீளத்தில், கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குள் இருக்கிறது. தூரக் கண்ணாடியில் அது மங்கல். படிக்கிற கண்ணாடியில் அட்டையே புகைமூட்டம். பைஃபோகலில் கழுத்தை அண்ணாந்து பார்த்து, பிடரி வலிதான் மிச்சம். தூரப் பவரோடு +0.75 கூட்டி ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். முன் சைட்டின் விளிம்பு கத்தி மாதிரி தெரிகிறது, அட்டையின் கருப்பு லேசாக மங்கின வட்டமாகத் தெரிகிறது. அது மங்கலாக இருந்தால் போதும். கண்ணாடிக் கடைக்காரர் "எதுக்குங்க இந்தப் பவரு? டிவிக்கா, கம்ப்யூட்டருக்கா?" என்றார். கம்ப்யூட்டர் என்று சொல்லிவைத்தேன். கண்ணாடி இல்லாமல் ரேஞ்சில் நிற்கவே கூடாது என்பது வேறு விஷயம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும்.

நிஜத் தோட்டாவுக்கு வந்தபோது சுவரில் கற்றதெல்லாம் பறந்துவிட்டது. .22-இல் உதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இருந்தும் உடம்பு சத்தத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. சார் என் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி நிரப்பிக் கொடுத்தார். சில அறையில் தோட்டா, சிலவற்றில் சுட்டு முடித்த வெறுங்கூடு. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. முதலாவது டப். இரண்டாவது வெறும் கிளிக், ஆனால் குழலின் மூக்கு பட்டென்று ஒரு விரற்கடை கீழே குனிந்து எழுந்தது. எதுவும் வெடிக்கவில்லை, உதை வரவில்லை, குனிய வைத்தது என் மணிக்கட்டு மட்டுமே. பக்கத்துப் பாயின்டில் நின்ற காலேஜ் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இந்த ஒரு பயிற்சிக்கு நிகர் எதுவும் இல்லை என்பேன். யாரும் குறை சொல்லவேண்டியதில்லை, துப்பாக்கியே சொல்லிவிடும். காதில் பஞ்சடைப்பானும் அதன்மேல் மஃப்பும் சேர்த்துப் போட்டுக்கொண்ட பிறகு குனிவது பாதி குறைந்தது. சத்தம்தான் பயத்தின் பெரும்பங்கு.

சிங்கிள் ஆக்‌ஷனுக்கே உரிய தொல்லை இன்னொன்று: ஹேமர் பெரிது, நெடுந்தூரம் பயணித்து விழும். ட்ரிகர் விட்டதற்கும் ஊசி அடிப்பதற்கும் நடுவே, இக்காலத்து டார்கெட் பிஸ்டலோடு ஒப்பிட்டால், நேரம் அதிகம். ஆயிரத்தில் சில பங்கு விநாடிதான். ஆனால் ட்ரிகர் விட்டதும் "சுட்டாச்சு" என்று கை தளரத் தொடங்கினால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே தளர்ச்சி வந்து சேர்ந்துவிடுகிறது. சார் இதை விளக்க வியாசர்பாடிக்கே போய்விட்டார். "கேரம் ஆடுவ இல்ல? ஸ்ட்ரைக்கர அடிச்சப்புறம் விரல எங்க வெப்ப? காய் பாக்கெட்ல வுழுந்துதான்னு தலய தூக்குறவன் இந்த ஏரியால ஒரு போர்டு ஜெயிச்சிருக்கானா?" வடசென்னையில் இதைவிட எளிதாக இதைச் சொல்ல முடியாது. தெருமுனை டியூப்லைட்டுக்குக் கீழே போர்டைப் போட்டு ஆடி ஆடி, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வரைக்கும் ஆள் வந்த ஊர் இது. அதன் பிறகு நான் சுட்டு முடித்தும் முன் சைட்டைப் பார்த்தபடி "ஒன்று, இரண்டு" என்று மனசுக்குள் எண்ணிவிட்டே கையை இறக்குகிறேன். எங்கே விழுந்தது என்பதை அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிட முடிகிறது: ட்ரிகர் விட்ட நொடியில் முன் சைட் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ரிவால்வரின் கைப்பிடி வளைந்து கீழே அகலும் பழைய பாணி. சுட்டதும் உள்ளங்கைக்குள் உருள அமைத்தது. பெரிய தோட்டாவுக்கு அது நல்லது, .22-க்கு அவசியமில்லை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரை இழுக்கும் சாக்கில் பிடி மாறிவிடும், அங்கேதான் குரூப், அதாவது குண்டுகள் விழும் கொத்து, சிதறும். இரண்டு கையால் பிடிக்கும்போது வலக்கையை அசைக்காமல் இடக்கைக் கட்டைவிரலால் ஹேமரை இழுக்கப் பழகினேன். சுண்டுவிரல் பிடிக்கு உள்ளேயா அடியிலா என்று ஒரு முடிவுக்கு வந்து, அதையே எப்போதும் செய்யவேண்டும். எனக்கு அடியில். நைனாவுக்கு உள்ளே. மரப் பிடியில் அவர் சுண்டுவிரல் இருந்த இடத்தில் பாலிஷ் போய் மழமழவென்று இருக்கிறது.

இதெல்லாம் ஓரளவு கைவந்த பிறகுதான் அந்த விஷயம் வெளியே தெரிந்தது. குண்டுகள் சிதறாமல் ஓரிடத்தில் சேர ஆரம்பித்தன. சேர்ந்த இடம் நடுவிலிருந்து வலப்பக்கம் 6 செ.மீ. தள்ளி. ட்ரிகரைத் தள்ளினால் எனக்கு இடப்பக்கம்தானே போகவேண்டும்? சார் மேஜையில் மணல்மூட்டை போட்டு அதன்மேல் என் கையைச் சாய்த்துச் சுடச்சொன்னார். வலம். அவரே உட்கார்ந்து சுட்டார். வலம். பூதக்கண்ணாடி வைத்துப் பின் சைட்டைப் பார்த்தார். வால் அகன்ற காடிக்குள் இறுக்கமாக உட்காரும் அந்தத் தகடு நடுவிலிருந்து மயிரளவு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. நகராதிருக்க ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடித்திருந்தார்கள். பட்டறைக்காரர் கைவேலை, சந்தேகமே இல்லை. நைனா ஒற்றைக் கையால் சுடுவார், அந்தத் தலைமுறை எல்லாரும் அப்படித்தான். அவருடைய விரலும் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. விரலைத் திருத்தாமல் சைட்டைத் திருத்திவிட்டார்.

உயரத்தையும் அவர் தனக்குத் தோதாக வைத்திருந்தார். கருப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் முன் சைட்டை நிறுத்தினால் குண்டு நடுவில் விழும். கருப்பின் விட்டம் 20 செ.மீ. என்பதால், குறி வைத்த இடத்துக்கு 10 செ.மீ. மேலே. இது பல டார்கெட் ஆட்கள் விரும்பும் ஏற்பாடு. கருப்பு சைட்டைக் கருப்பு நடுவில் தேடுவதைவிட வெள்ளைக்கு எதிரே பார்ப்பது சுலபம். அதை நான் தொடவில்லை. தொடவும் பயம், ஏனென்றால் முன் சைட்டை அரம் போட்டுத் தேய்த்தால் குண்டு இன்னும் மேலேதான் போகும், தேய்த்த இரும்பு திரும்ப வராது.

பக்கவாட்டுதான் பிரச்சினை. தம்பியிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "நைனா வெச்ச சைட்டுக்கா அது. நீ போய் அத தட்டுறேன்ற?"

"அவரு அவரு கைக்கு வெச்சாருடா."

"அப்போ நீ உன் கைய மாத்திக்க."

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக அம்மாவுக்கும் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. இன்னொருவர் விரலின் கோளாறுக்காக நகர்த்தின சைட்டைக் காப்பாற்றுவதற்காக, நான் அதே கோளாறைப் பழகிக்கொள்ள வேண்டுமா? நைனாவே இருந்திருந்தால், பட்டறையில் ஒரு படகு இன்ஜினை இப்படி யாராவது "முதலாளி வெச்சது" என்று விட்டுவைத்திருந்தால், கெட்டவார்த்தை சொல்லித் திட்டியிருப்பார். பிடி மரத்தை மாற்றச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். சைட் ஓர் அளவு, அது அட்டைக்குக் கணக்குச் சொல்லவேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? அதே 139 கணக்கு. 60 மில்லிமீட்டரை 139-ஆல் வகுத்தால் 0.43. அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்தவேண்டும், ஆகவே இடப்பக்கம். சார் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, சட்டத்தைத் துணி சுற்றின வைஸில் பிடித்து, பித்தளைக் கம்பியைத் தகட்டின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினார். முதல் சில தட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை, நைனாவின் பஞ்ச் புள்ளி பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு க்ரிக் என்று ஒரு சத்தம். நகர்த்துவதற்கு முன்னால் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், வெர்னியரில் பார்த்தால் 0.5. கொஞ்சம் கூடிவிட்டது. மறுபடி எதிர்ப்பக்கம் ஒரு செல்லத் தட்டு. அன்றைக்குச் சுட்டதில் ஐந்தில் நாலு நடுவைச் சுற்றி விழுந்தன.

ஐந்தாவது? அதுதான் அடுத்த துப்பறியும் வேலை.

எவ்வளவு நன்றாக விட்டாலும் அவ்வப்போது ஒன்று மட்டும் மேலே வலது மூலைக்கு ஓடியது. விட்ட நொடியில் முன் சைட் நடுவில்தான் இருந்தது என்று சத்தியம் செய்வேன், குண்டு கேட்காது. இது ரிவால்வர். பிஸ்டலில் ஒரே அறை, குழலின் பின்பகுதியே அது. இங்கே ஆறு தனித்தனி அறை, ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளவேண்டும். பூட்டும் பள்ளங்களில் ஏதாவது ஒன்று தேய்ந்திருந்தால் அந்த அறை மட்டும் மயிரிழை கோணி நிற்கும், குண்டு குழல்வாயில் இடித்துக்கொண்டு நுழையும். மார்க்கர் பேனாவால் சிலிண்டரின் பின்பக்கம் 1 முதல் 6 வரை எண் எழுதினேன், கதவுக்கு வரும் வரிசையில். ஆறு அட்டை. முதல் அறையில் சுட்டதெல்லாம் முதல் அட்டையில், இரண்டாவது இரண்டாவதில். மணல்மூட்டை மேல் கை. மெதுவான வேலை, ஒரு ஞாயிறு போதவில்லை. முடிவில் அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினதும் கேட்க எதுவும் இல்லை. ஐந்து அட்டையில் ஓட்டைகள் ஒரே இடத்தில் கொத்தாக இருந்தன. மூன்றாம் நம்பர் அட்டையில் கொத்து மேலே வலப்பக்கம் ஏறியிருந்தது.

புதுச் சிலிண்டர் இங்கே எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் ஆயுதத்தின் பாகம் வாங்க இன்னொரு ஃபைல் திறக்கவேண்டும். சார் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதான் ஒண்ணு காலியா வுடணும்னு இருக்கே. இத்தயே வுட்டுடு." எண் வரிசையில் இரண்டாவது அறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டில் போடு, மூன்றை விடு, நாலு, ஐந்து, ஆறு, ஒன்றில் போடு. ஹேமர் மூன்றின்மேல் படுக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த காலி, கோணல் அறையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டது. நைனா இதைக் கண்டுபிடித்திருந்தாரா தெரியவில்லை. அவர் சிலிண்டரில் எந்த அடையாளமும் இல்லை. எனக்கோ பேனா எண்கள் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழிந்து திரும்ப எழுதவேண்டியிருக்கிறது.

துடைப்பது என்றதும் நினைவு வருகிறது. ராயபுரம், காசிமேட்டுக் காற்றில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே ஆறு மாதத்தில் பொரிந்துவிடும். நீலம் பாய்ச்சிய இரும்பு அழகாக இருக்கும், ஆனால் உப்புக்காற்றைத் தாங்காது. நைனா அதைத் தோல் உறையிலேயே வைத்திருந்தார். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சிலிண்டரின் ஒரு பக்கம் பொட்டுப்பொட்டாக இருப்பது அதனால்தான். இப்போது உறை தனியாக, ரிவால்வர் தனியாக, எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. விரல் பட்ட இடத்தை அன்றே துடைத்துவிடவேண்டும், வியர்வையும் உப்புதான். தேங்காய் எண்ணெய் போடுகிறேன் என்று சொன்ன ஒரு அங்கிளை எல்லார் முன்னாலும் சார் திட்டினார். அது நாளாவட்டத்தில் பிசினாகி ஹேமர் ஊர்ந்து விழும்.

தோட்டா விஷயத்தில் தேர்வு என்று பெரிதாக நமக்கில்லை, கிளப்பில் என்ன வருகிறதோ அது. ஆனால் கிடைப்பதற்குள் ஒரே பெட்டி, ஒரே லாட் என்று பார்த்து ஒதுக்கிவைப்பது பலன் தருகிறது. இரண்டு வகையைக் கலந்து ஒரு சீரிஸ் சுட்டால் மேலே இரண்டு, கீழே மூன்று என்று பிரிந்து விழும், அப்புறம் விரலைக் குறை சொல்லி இரண்டு வாரம் போகும்.

இப்போது நிலைமை: இரண்டு கையில், 25 மீட்டரில், ஐந்தும் கருப்புக்குள், பெரும்பாலும் ஒன்பதாம் வளையத்தை ஒட்டி. போட்டியில் ஒற்றைக் கைதான் செல்லும், அதில் இன்னும் ஒன்றிரண்டு வெள்ளைக்குப் போகிறது. ஹேமரை இழுத்த பிறகு பிடி திரும்பப் பழைய இடத்துக்கு வருவதில்லை, அதுதான் காரணம். ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேஜைக்கு இறக்கி, அங்கே வைத்து ஹேமரை இழுத்து, பிடியைச் சரிபார்த்து மறுபடி எழுப்பிப் பார்க்கிறேன். ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம் அதற்குத் தாராளம்.

தம்பி போன வாரம் வந்து அட்டைகளை எல்லாம் புரட்டிப் பார்த்தான். சைட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. மூன்றாம் நம்பர் அட்டையைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நைனாவுக்கு எப்பவும் ஒண்ணு மேல போவும்க்கா, அவரு காத்துனு சொல்வாரு" என்றான். அவனும் சுடவேண்டுமாம். கிளப் மெம்பர்ஷிப் ஃபார்ம் வாங்கி வைத்திருக்கிறேன். போட்டோ இரண்டு கேட்டேன், இன்னும் தரவில்லை.